இன்றைக்கு எத்தனை குச்சி? வாய்ப் புற்றுநோய்க்குப் பிறகு போனில் ஆள் தேடிய விதம்

19 வருசம் திருகோணமலை–கொழும்பு இரவு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கூவிக் கூவியே பிழைத்த வாய். நித்திரை வராமல் இருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. ஒரு இரவுக்கு எத்தனை தரம் போட்டேன் என்று எண்ணியதே இல்லை. இடக் கன்னத்துக்குள் ஒரு புண் வந்து மூன்று மாதம் ஆறாமல் கிடந்தது. பல் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இந்த வாய்ப் புற்றுநோய்தான் என்பது பயொப்சி முடிவு கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். (வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் உள்ளவர்கள் இதை இங்கேயே வைத்துவிட்டுப் பல் கிளினிக்குக்குப் போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.)

கன்னத்தை வெட்டி, நெஞ்சுத் தசையைத் தோலோடு மேலே இழுத்து உள்ளுக்குள் வைத்துத் தைத்தார்கள். பிறகு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் 30 நாள் ‘கரண்ட்’ பிடித்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, பேச்சு இல்லை. நான் ‘தண்ணி’ என்றால் மனுசிக்கு ‘அண்ணி’ என்று கேட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்னை வைத்துக்கொண்டே அவளிடம், “இப்ப அவருக்கு எப்படி?” என்று விசாரித்தார்கள். அந்த நாட்களில்தான் போனைத் தூக்கினேன். கீழே எழுதியிருப்பதில் பாதி நான் பிழைவிட்டுப் படித்தது.

உங்களைப் போல ஒருவர், உங்கள் இடத்தில் ஒருவர்

முதலில் நான் சேர்ந்தது ஒரு பெரிய வட்ஸ்அப் குறூப். நானூறு பேருக்கு மேல். காலையில் ரோசாப்பூப் படத்தோடு வணக்கம், மத்தியானம் பப்பாசி இலைச் சாறு, பின்னேரம் “சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும்”. அந்தச் சீனிக் கதையை நம்பி நானும் பத்து நாள் வெறும் தேத்தண்ணி குடித்தேன். ஏற்கெனவே எலும்பும் தோலும். இன்னும் மூன்று கிலோ போனது. கிளினிக்கில் தாதி ஏசிய ஏச்சில்தான் புத்தி வந்தது.

‘புற்றுநோய்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆள் தேடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் நூறு வருத்தம் இருக்கிறது. மார்பு எடுத்த தங்கச்சிக்குக் கை வீங்குகிறது, எனக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாவம் பார்க்கலாம், அதற்கு மேல் கதை ஓடாது. எந்த இடத்தில் நோய், என்ன வைத்தியம், முடிந்து எத்தனை மாதம்? இந்த மூன்றில் இரண்டு பொருந்துகிற ஒருவர் கிடைத்தால் போதும். நானூறு பேரை விட்டுவிடலாம்.

அப்படிப்பட்டவர் எங்கே கிடைப்பார்? முறை வரும்வரை உட்கார்ந்திருக்கிற கிளினிக் வாங்கில். இது கேட்க வேடிக்கையாக இருக்கும், போன் வழியாக ஆள் தேடுவது எப்படி என்று எழுத வந்தவன் வாங்கைக் காட்டுகிறானே என்று. ஆனால் எங்கள் குறூப்பில் முதல் ஏழு பேரும் அப்படி வந்தவர்கள்தான். கதிர்ச் சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வொரு நாளும். ஆறு கிழமை அதே வரிசையில் அதே முகங்கள். முகத்தோடு ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் முகமூடியை மேசையில் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், நாங்கள் மட்டும் உள்ளே. அந்தச் சில நிமிடத்தில் என்ன நினைத்தோம் என்று வெளியே வந்து ஒருவரும் கதைக்கமாட்டோம். போகும்போது நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டோம். கதை பிறகு வந்தது, ஊருக்குப் போய், இரவில், எழுத்தில். மகரகம என்றில்லை, தெல்லிப்பழையோ மட்டக்களப்போ, எங்கே போனாலும் வாங்கு ஒன்று இருக்கும். கடைசி நாள் வருவதற்குள் கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம்.

வாங்கை விட்டுவிட்டவர்கள் முகநூலில் தேடலாம். யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதாமல், உள்ளே சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கிற மூடிய குழுவாகப் பாருங்கள். சிலவற்றில் பெயர் காட்டாமல் எழுத வசதி உண்டு. ஆனால் அட்மினுக்கு உங்கள் பெயர் தெரியும், அதை நினைவில் வையுங்கள்.

முதல் செய்தி

நான் முதன்முதலில் போட்டது இது: “அனைவருக்கும் வணக்கம். நானும் ஒரு புற்றுநோயாளி. எல்லோரும் நலம்பெற இறைவனை வேண்டுவோம்.” 23 கும்பிட்ட கைகள் வந்தன. அவ்வளவுதான். அதற்கு வேறு என்ன பதில் எழுதுவது?

இரண்டு மாதம் கழித்து வாங்குக்காரர்களின் சின்னக் குறூப்பில், வெட்கத்தை விட்டு, இரவு ஒரு மணிக்கு இதை எழுதினேன்: “திருகோணமலை. இடக் கன்னம். வெட்டி ஏழு மாதம், கரண்ட் முடிந்து நாலு மாதம். நெஞ்சுத் தோல் வைத்துத் தைத்தது. இப்ப வாய்க்குள்ள மயிர் முளைச்சு நாக்கில குத்துது. வேற ஆருக்கும் இப்படி உண்டா?”

விசயம் என்னவென்றால், நெஞ்சில் மயிர் உள்ள ஆணின் தோலைக் கன்னத்துக்குள் வைத்தால் அது நெஞ்சுத் தோலாகத்தான் தொடர்ந்து இருக்கும். கரண்ட் பட்ட இடத்தில் பெரும்பாலும் கொட்டிவிடும். எனக்கு ஓரத்தில் மிச்சம் இருந்தது. வெட்டுவதற்கு முன் இதை யாராவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பயத்தில் என் காதில் ஏறியிருக்காது.

இரண்டு மணி பத்துக்குப் பதில் வந்தது. கிண்ணியாக்காரர், மீன் வியாபாரம். “அண்ணன், எனக்கும். நாலு. சோறு அதில சிக்குது. டொக்டர்ட்ட சொல்ல வெட்கமாக் கிடக்கு.” நான் படுக்கையில் எழும்பி உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்கத் தையல் இழுத்தது. மனுசி பயந்து லைற்றைப் போட்டாள். மூன்று மணி வரைக்கும் நானும் அவரும் மயிரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம். அடுத்த கிளினிக்கில் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். டொக்டர் சின்னக் கத்தரிக்கோலால் இரண்டு நிமிடத்தில் நறுக்கிவிட்டார். நீங்களாக இடுக்கியால் பிடுங்கப் போகாதீர்கள், புண் வரும். அவரை நான் ‘நானா’ என்கிறேன், முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவர் என்னை அண்ணன் என்கிறார். யார் மூத்தவர் என்பது இன்னும் தீரவில்லை.

ஆகவே முதல் செய்தியில் ஊர், இடம், வைத்தியம், மாதம், அதோடு ஒரே ஒரு கேள்வி. கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். “எப்படி மனதைத் தேற்றுவது” என்று கேட்டால் உபதேசம்தான் வரும். “இடியப்பம் இறங்குமா, சொதி எவ்வளவு ஊற்ற வேண்டும்” என்று கேட்டுப் பாருங்கள், ஆள் வரும். மனம் தேறுவது அந்தச் சொதிக் கதைக்குள் எங்கோ நடந்துவிடுகிறது.

குச்சிக் கணக்கு

கரண்ட் பிடித்த தாடை இறுகிவிடும். சாதாரணமாக ஒருவருக்குத் தன்னுடைய மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்க முடியும். எனக்கு ஒரு விரல்கூடப் போகவில்லை. கிளினிக்கில் சொல்லித் தந்தது, தட்டையான குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பிடிப்பது, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகக் கூட்டுவது. (புண் ஆறுவதற்குள் இதைச் செய்யக்கூடாது. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.) ஐஸ்பழக் குச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பு. நான் 6 குச்சியில் தொடங்கினேன். வலியில் கண்ணீர் வரும், எச்சில் வழியும், பிள்ளைகள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்ச் செய்வேன்.

ஒரு நாள் குறூப்பில் “இன்றைக்கு 7” என்று மட்டும் போட்டேன். கந்தளாயிலிருந்து ஒரு சிங்கள மல்லி (தம்பி) “மட்ட 9” என்று போட்டார், எனக்கு ஒன்பது என்று. நானா, “5தான், சிரிக்காதீங்க” என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் காலை வணக்கம். ரோசாப்பூ இல்லை. எத்தனை குச்சி? ஒருவர் இரண்டு நாள் எண் போடவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது தனியாக எழுதிக் கேட்பார்கள். எண்ணுக்குப் பாசை தேவையில்லை. கந்தளாய்க்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எனக்குக் கண்டக்டர் சிங்களம்தான் தெரியும். எண் போதும்.

உங்கள் நோய்க்கும் இப்படி ஒரு எண் கிடைக்கும். எத்தனை அடி நடந்தீர்கள், கை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது, எத்தனை கோப்பை கஞ்சி. உணர்ச்சியை எழுத எல்லோருக்கும் வராது, முக்கியமாக எங்கள் வயது ஆம்பிளைகளுக்கு. எண்ணை எவனும் எழுதுவான்.

எழுதுவதா, கதைப்பதா

எழுதச் சோம்பல் என்று வாயால் சொன்னால் எழுதித் தருகிற வசதியைப் போனில் பிள்ளைகள் போட்டுத் தந்தார்கள். நான் “கஞ்சி குடிச்சேன்” என்றேன். அது “கஞ்சா குடிச்சேன்” என்று எழுதியது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு விரலால்தான்.

ஆனால் வொய்ஸ் மெசேஜை விட்டுவிடாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்காரர் தன் குரலைத் தானே வெறுப்பார். போனில் நேரே கதைத்தால் மற்றவர் “என்ன? என்ன?” என்பார், இரண்டாம் ‘என்ன’வோடு நாங்கள் வாயை மூடிவிடுவோம். வொய்ஸில் அந்தத் தொல்லை இல்லை. விளங்காவிட்டால் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். அதைவிட, நாக்கில் பாதி எடுத்த ஒருவர் கதைப்பது கன்னம் இல்லாத இன்னொருவருக்கு முதல் தரமே விளங்கும். என் மனுசிக்கு விளங்காதது நானாவுக்கு விளங்குகிறது. எப்படி என்று கேட்காதீர்கள்.

குறூப்பில் நீலக் குறியை மறைக்க முடியாது, யார் பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும். நடுச்சாமத்தில் ஒருவர் பயந்துபோய் எழுத, ஐந்து பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அது ஒன்றும் எழுதாததைவிட மோசம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் நாங்கள் “இருக்கிறன்” என்று ஒரு சொல் போடுவோம். அறிவுரை வேண்டாம், ஆறுதல் வேண்டாம். இருக்கிறன்.

வீட்டைக் கேட்காமல் ஒன்றும் போடாதீர்கள்

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

மூக்கில் சாப்பாட்டுக் குழாயோடு இருந்த என் படம் ஒன்றை அந்த நானூறு பேர் குறூப்பில் போட்டேன். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று. யாரோ அதை வேறு குறூப்புக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், என் மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வெற்றிலையால் வந்த வருத்தம், பிள்ளைக்குத் தொற்றாது என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் பிறகு கதைக்கவே இல்லை. பிள்ளை என்னிடம் கோபிக்கவில்லை. “அப்பா, கேட்டிருந்தா நான் போடச் சொல்லியிருப்பன். ஆனா கேட்டிருக்கலாம்” என்றாள். இப்போது அவளுக்கு நல்ல இடத்தில் முடிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் எனக்கு இன்னும் குத்துகிறது.

உங்கள் வருத்தம் உங்களுடையது மட்டும் இல்லை. முதல் படம், முதல் செய்தி போடுவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் இருத்திக் கேளுங்கள்: முகம் தெரியலாமா, ஊர்ப் பெயர் சொல்லலாமா, சொந்தக்காரர் பார்த்தால் பரவாயில்லையா? வட்ஸ்அப்பில் அனுப்பியதை ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம். அதற்குள் ஒருவர் எடுத்து வைத்திருந்தால் அழித்தும் பயன் இல்லை. வட்ஸ்அப் குறூப்பில் சேர்ந்தாலே உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம் மூன்றையும் விரலால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். வாட்டில் படம் எடுத்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழாமல் எடுங்கள்.

காசு விசயம் சுருக்கம். ஒருவர் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று அழுது வொய்ஸ் போட்டார், 5,000 ரூபாய் அனுப்பினேன், அடுத்த நாள் நம்பரே இல்லை. எங்கள் குறூப்பில் காசு சேர்ப்பது இல்லை. உண்மையாக யாருக்கும் பஸ் காசு இல்லை என்றால் அதே ஊரில் உள்ள ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொடுப்பார்.

வைத்தியம் கதைக்கும்போது

“எனக்கு இப்படி இருந்தது” என்று எழுதலாம். “நீ இதைச் செய்” என்று எழுதக்கூடாது. உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரால் வாய் கொப்பளிப்பது, கரண்டுக்கு முன் பழுதான பல்லைக் கழற்றச் சொன்னது, இதெல்லாம் கிளினிக்கில் சொன்னது, தாராளமாகப் பகிரலாம். எந்த ஸ்டேஜ், எத்தனை வருசம் தருகிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சொல்ல விரும்பினால் அவர் சொல்லட்டும்.

சிலதுக்குக் குறூப்பில் பதில் தேடவே கூடாது. கீமோ எடுக்கிறவருக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல், வாயால் அல்லது கழுத்தால் இரத்தம், தண்ணீர்கூட இறங்காதது, மூச்சு முட்டுவது. இவற்றுக்கு ஒரே பதில், இப்போதே ஆஸ்பத்திரி. “இருக்க விருப்பம் இல்லை” என்று ஒருவர் எழுதினால் அவரோடு நேரே கதையுங்கள், பக்கத்து ஊர்க்காரரை அனுப்புங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் கொடுங்கள்.

ஒரு குறி மட்டும் விழும்போது

வாழைச்சேனைப் பக்கத்து ரீச்சர் ஒருவர் இருந்தார். வெற்றிலையைத் தொட்டதே இல்லை, நாக்கில் வந்தது. எங்கள் எழுத்துப் பிழை எல்லாம் திருத்துவார். “ஐஸ்பளம் இல்லை, ஐஸ்பழம்” என்று நடுச்சாமத்தில் வரும். ஒரு கிழமை அவருக்குப் போட்ட செய்திகளில் ஒற்றைக் குறிதான் விழுந்தது. பிறகு அவருடைய நம்பரிலிருந்தே மகன் எழுதினார்.

அதற்கு நாங்கள் தயாராக இல்லை. ஒருவர் இரவு 11 மணிக்குப் படத்தோடு போட்டுவிட்டார், அன்றைக்குக் கரண்ட் தொடங்கிய ஒரு புதுத் தம்பி விடிய விடிய நித்திரை இல்லாமல் கிடந்தார். இப்போது வழக்கம் வேறு. குடும்பம் சரி என்ற பிறகு, பகலில், ஒரே ஒருவர் எழுதுவார். புதிதாக வைத்தியம் தொடங்கியவர்களுக்குத் தனியாக முதலில் சொல்லப்படும். அன்றைக்குக் குச்சி எண் யாரும் போடுவதில்லை. யாராவது குறூப்பை விட்டுப் போனால் ஏன் என்று கேட்பதில்லை, திரும்பி வந்தாலும் கேட்பதில்லை. இறந்தவரின் நம்பரை நாங்களாக எடுப்பதும் இல்லை. ரீச்சரின் நம்பர் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒருவர் பிழை விட்டால் மற்றவர் திருத்துகிறார், அவர் மாதிரியே, ஒரு வரியில்.

நேரில் சந்திப்பது

அவசரப்படாதீர்கள். எழுத்தில் சிங்கமாக இருப்பவர் நேரில் தலை நிமிராமல் இருப்பார், முகத்தின் ஒரு பக்கத்தைக் கைலேஞ்சியால் மறைத்துக்கொண்டு. இரண்டு மூன்று பேராக, திறந்த இடத்தில், முகம் பார்த்து உட்காராமல் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். கடற்கரை அதற்கென்றே செய்தது மாதிரி. நாங்கள் போவது கோட்டை வாசலுக்குக் கிட்டிய கடற்கரை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு. நானா பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கந்தளாய் மல்லி பஸ்ஸில், என் பழைய பஸ்காரர்கள் அவரிடம் காசு வாங்குவதில்லை. வாழைப்பழத் தோலுக்கு மான்கள் வந்து நிற்கும். ஐஸ்பழக்காரர் எங்களுக்காகப் புதுக் குச்சி ஒரு கட்டு வைத்திருப்பார். முதல் தரம் எதற்கு என்று கேட்டார், வாயைத் திறந்து காட்டினோம். பிறகு கேட்கவில்லை.

நீங்களும் வரலாம், நோய் உள்ளவரோடு வருகிற வீட்டுக்காரரும் வரலாம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள், எங்களுக்கு எச்சில் ஊறாது. கனிந்த பழமோ வட்டிலப்பமோ இருந்தால் சந்தோசம். போன முறை ஒரு அக்கா அன்பாக ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டுவந்தார். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், கடைசியில் மானுக்கும் கொடுக்க முடியாமல் ஐஸ்பழக்காரரின் பிள்ளைகளுக்குப் போனது.